சாயமும் வெளிச்சமும்

போன மாதம் என் மாமியாருக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. சர்க்கரை உள்ள உடம்பாயிற்றே என்று பயந்து பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பல் காரையைச் சுரண்டி எடுத்தார். பிறகு ஈறு இடுக்கில் ஏதோ நீல மருந்தை விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துச் சிவப்பு வெளிச்சம் காட்டினார். "என்னடி இது, பல்லுக்குத் தீபாராதனை?" என்றார் மாமியார், வீட்டுக்கு வந்ததும்!

எனக்கும் புரியவில்லை. அடுத்த முறை டாக்டரையே கேட்டேன். அவர் சொன்னதோடு, நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

1900 வாக்கில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் என்ற சாயத்தை ஓரணு உயிர்கள் மேல் சோதித்தார். அவை ஒரு சமயம் சீக்கிரம் செத்தன. இன்னொரு சமயம் வெகு நேரம் பிழைத்தன. காரணம் வெளிச்சம்தான்! இருட்டில் சாதுவாக இருக்கும் சாயம், வெளிச்சம் பட்டதும் பக்கத்திலுள்ள பிராணவாயுவை உசுப்பி விடுகிறது. அதுதான் கிருமியைக் கொல்கிறது.

நம் சதையைக் கெடுக்காதா? அங்கேதான் சாமர்த்தியம். உசுப்பிய பிராணவாயு இம்மி தூரம்கூடப் போகாது. சாயம் ஒட்டிய இடத்தில்தான் அடி. ஆகவே சாயம் கிருமியில் ஒட்டவேண்டும். பருத்தியில் பிடிக்கிற சாயம் பாலியெஸ்டரில் பிடிப்பதில்லையே, அந்த மாதிரி! பாக்டீரியாவின் மேற்புறத்தில் எதிர் மின்னூட்டம் அதிகம். மெதிலீன் புளூ போன்ற நேர் மின்னூட்டச் சாயங்கள் அதில் சட்டென்று ஒட்டும். நம் அணுக்களில் மெதுவாகத்தான் ஏறும். அதற்குள் வெளிச்சத்தைக் காட்டிவிட வேண்டும். குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளோடு சாயத்தைக் கோத்து அனுப்பும் ஆராய்ச்சியும் நடக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு உறுத்தியது. முன்பு இதே வீக்கத்துக்கு நானே கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்து, வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டேன். அப்படி இஷ்டத்துக்குச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுமாம். வெளிச்ச வைத்தியம் கிருமியைப் பல இடங்களில் தாக்குவதால் அது சுலபத்தில் பழகிக்கொள்வதில்லை.

ஆனால் சகோதரிகளே, வெளிச்சம் எட்டும் இடத்தில்தான் இது பலிக்கும். உள் காய்ச்சலுக்கு உதவாது. ஈறு நோயிலும் காரை எடுப்பதுதான் முதல் வைத்தியம், இது துணைதான். மஞ்சளிலுள்ள குர்குமினும் இந்த ஜாதிதான் என்று, புண்ணில் மஞ்சளைப் பூசி வெயிலில் உட்கார்ந்துவிடாதீர்கள்! அளவும் நேரமும் டாக்டர் கையில் இருக்கட்டும்.

மாமியார் இப்போது இரண்டு வேளையும் பல் தேய்க்கிறார். நானும்தான்!