ஆண்டு விழா உங்கள் வழக்கின் வாய்தா அல்ல

புனேயில் டிசம்பர் பிறந்தால் குளிரோடு சேர்ந்து 'கேதரிங்' காலமும் வந்துவிடும். நம்மூர் பள்ளி ஆண்டு விழாவுக்கு இங்கே அதுதான் பெயர். ஒரு மாதத்துக்கு முன்பே ஒத்திகை, உடைக்கு அளவெடுப்பு, டைரியில் ஒட்டிய சர்க்குலர், அதன் அடியில் 'பெற்றோர் கையெழுத்து' என்று ஒரு கோடு. பெரும்பாலான வீடுகளில் காலை அவசரத்தில் யாரோ ஒருவர் காபி குடித்துக்கொண்டே அதில் கிறுக்கிக் கொடுத்துவிடுவார். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழும் வீட்டில் மட்டும் அந்தக் கோடு வாகா எல்லை மாதிரி ஆகிவிடுகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் சண்டையைப் பிள்ளையின் பள்ளி விழாவுக்குள் இழுத்து வருவது அநியாயம். அப்பா செய்தாலும் அநியாயம், அம்மா செய்தாலும் அநியாயம். பிரிவதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஒத்து வராதவர்கள் ஒரே கூரையின் கீழ் தினமும் தட்டு எறிந்துகொண்டு இருப்பதைவிட, இரண்டு வீடாக நிம்மதியாக இருக்கட்டும். பிரிந்த பிறகு நடக்கிற கூத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

கற்பனையில் சொல்லவில்லை. இங்கே எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலேயே மூன்று கதை உண்டு.

முதல் கதை. மூன்றாவது படிக்கும் பையன். நாடகத்தில் சிங்க ராஜா வேஷம். ஒத்திகை சனிக்கிழமைகளில். கோர்ட் உத்தரவுப்படி சனிக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை அப்பாவின் நேரம். "எனக்குக் கிடைக்கிறதே வாரத்துக்கு ஏழு மணி நேரம். அதையும் ஒத்திகைன்னு பிடுங்கிக்கிட்டா நான் என்னத்துக்கு அப்பா?" என்று அவர் அனுப்பவில்லை. மூன்று ஒத்திகை போனதும் டீச்சர் சிங்க வேஷத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது கதை. ஒன்பதாவது படிக்கும் பெண். வகுப்போடு மூன்று நாள் அஜந்தா, எல்லோரா பயணம். அம்மா கையெழுத்துப் போட்டு, பணமும் கட்டிவிட்டார். பெண் தன்னிடம் இருப்பதால் தானே முடிவு செய்யலாம் என்று நினைத்திருக்கிறார். அப்பாவிடமிருந்து பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல்: "என் அனுமதி இல்லாமல் என் மகளை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது." பள்ளி பயந்துபோய்ப் பெயரை அடித்துவிட்டது. தோழிகள் எல்லோரும் பஸ்ஸில் ஏறிப் போக, இந்தப் பெண் வீட்டில் இருந்தாள்.

மூன்றாவது கதையில் தப்பு அம்மா பக்கம். விளையாட்டு விழா எந்தத் தேதியில் என்று அப்பாவுக்குச் சொல்லவே இல்லை. "அவருக்கு அக்கறை இருந்தா அவரே பள்ளியில கேட்டுத் தெரிஞ்சுக்கட்டுமே" என்பது அம்மாவின் நியாயம். நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த பிள்ளை மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் யாரைத் தேடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒருவர்கூட வில்லன் இல்லை. அதுதான் கவலையே. எல்லோரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கான செலவை மட்டும் பிள்ளை கட்டுகிறது.

"ஒரு டான்ஸ் போனால் என்ன குடியா முழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. நாம் வளர்ந்தபோது நமக்குப் பள்ளி ஆண்டு விழா போனாலும் மாரியம்மன் கோயில் கொடை இருந்தது. மாமா கல்யாணம், அத்தை வீட்டுச் சடங்கு, லீவு விட்டால் சித்தப்பா பிள்ளைகள் என்று ஒரு படை இருந்தது. இங்கே பதினொன்றாவது மாடி ஃப்ளாட்டில் வளரும் நம் பிள்ளைக்கு ஊர், உறவு, திருவிழா எல்லாமே அந்தப் பள்ளிதான். வீடு இரண்டாகிவிட்ட பிள்ளைக்கு மாறாமல் இருக்கிற ஒரே இடமும் அதுதான். பிள்ளைக்குப் பதில் வேறு பிள்ளை மேடை ஏறியதை வகுப்பு முழுக்கப் பார்க்கிறது. மறுநாள் "ஏன்டா வரல?" என்ற கேள்விக்கு எட்டு வயசுப் பையன் என்ன பதில் சொல்வான்? கோர்ட் உத்தரவை விளக்குவானா?

சரி, வழக்கமாகச் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அது என்னுடைய நேரம்." ஏழு மணி நேரம் மட்டுமே கிடைக்கிற அப்பாவின் வலி நிஜம். அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பிள்ளையை ஒத்திகைக்கு வண்டியில் கூட்டிப்போய், வெளியே காத்திருந்து, முடிந்ததும் ஒரு மசால் தோசை வாங்கிக் கொடுத்து, "இன்னிக்கு டயலாக் மறக்காம சொன்னியாடா?" என்று கேட்பதும் அப்பாவின் நேரம்தானே? மாலில் உட்காரவைத்து ஐஸ்கிரீம் கொடுப்பது மட்டுமா? ஒத்திகை தின்ற மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை ஈடுசெய்து கொடுப்பது அம்மாவின் கடமை. கணக்குப் பார்க்காமல் கொடுக்க வேண்டும்.

"சினிமாப் பாட்டுக்கு ஆடவைக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை." பிடிக்காமல் இருக்கலாம். சில பாட்டுகள் எனக்கும் பிடிப்பதில்லை. அப்படியானால் பாட்டை மாற்றச் சொல்லிப் பள்ளியிடம் முதல் வாரமே பேசுங்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளையை நிறுத்தினால் அது கலாச்சாரக் காவல் இல்லை, பழிவாங்கல். அதிலும் பையனுக்கு வராத கலாச்சாரக் கவலை பெண்ணுக்கு மட்டும் வருகிறதா என்று ஒருமுறை கண்ணாடி பார்த்துக்கொள்ளுங்கள்.

"செலவை யார் கொடுப்பது?" டான்ஸ் உடை வாடகைக்காக நடக்கும் வாட்ஸப் யுத்தங்களைக் கேட்டிருக்கிறேன். வக்கீலுக்குக் கொடுக்கும் தொகையில் அது எத்தனையில் ஒரு பங்கு?

"அவர் வந்தால் நான் வர மாட்டேன்." மண்டபத்தில் ஐநூறு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் மூன்றாவது வரிசை, இன்னொருவர் இருபதாவது வரிசை. இரண்டு மணி நேரம். அலுவலகத்தில் சுத்தமாகப் பிடிக்காத மேலாளருடன் வருஷக்கணக்கில் ஒரே அறையில் உட்காருகிறோமே, அது எப்படி முடிகிறது?

ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் நான் தலை வணங்குவேன்: ஆபத்து. அடி உதை இருந்த வீடு என்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்ற உண்மையான பயம் இருந்தால், யாரும் யாரையும் 'அனுசரித்துப் போ' என்று சொல்லக் கூடாது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவே, சந்திப்பு பிள்ளைக்குத் தீங்கு என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுக்கச் சொல்கிறது. அந்த உத்தரவை வாங்கி நகலைப் பள்ளியில் கொடுங்கள். அப்போதும் தடுக்கப்பட வேண்டியவர் வரக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளை மேடை ஏறட்டும்.

இனி சட்டம். நான் வக்கீல் இல்லை. எல்லோருக்கும் தெரிய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். "சட்டப்படி நான்தான் கார்டியன்" என்று மார்தட்டும் அப்பாக்கள் கையில் வைத்திருப்பது 1956-ம் வருஷத்து இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம். அதன் 6-வது பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் 'பிறகு' தாய் என்கிறது. (ஐந்து வயது வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.) கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் பத்திரம் வாங்கத் தாயின் கையெழுத்து போதாது என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999-ல் தீர்ப்பு வந்தது. 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, தந்தை பிள்ளையின் பொறுப்பைக் கவனிக்காத நிலையிலும் தாய் காப்பாளராகலாம் என்று கோர்ட் விளக்கியது. இதையெல்லாம்விட முக்கியம் அதே சட்டத்தின் 13-வது பிரிவு: பிள்ளையின் நலனே தலையாயது.

"பிள்ளை என்னிடம் இருக்கிறது, அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?" என்னும் அம்மாக்களுக்கும் பதில் இருக்கிறது. யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், தாய் தந்தை இருவரின் அன்பும் பிள்ளையின் உரிமை என்றது. யாரிடம் வளர்ந்தாலும் மற்றவரோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது, தொலைவில் இருந்தால் வீடியோ அழைப்பிலாவது பேச வழி வேண்டும் என்றது. கவனியுங்கள், உரிமை பிள்ளையுடையது.

பிள்ளையிடம் கேட்டீர்களா? 1890 காப்பாளர் சட்டமே, விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்வது 12-வது விதி, விளையாட்டும் கலையும் பிள்ளையின் உரிமை என்பது 31-வது விதி. ஒன்பதாவது படிக்கும் பெண்ணிடம் "உனக்கு எல்லோரா போகணுமாம்மா?" என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினால் உடனே பெயரை அடிப்பது நடுநிலை இல்லை. எவர் முதலில் மிரட்டுகிறாரோ அவர் பக்கம் சாய்வது அது. "கோர்ட் உத்தரவு இருந்தால் காட்டுங்கள்" என்று கேட்கலாமே. சர்க்குலரை இருவருக்கும் அனுப்பலாமே. பாஸ் கொடுக்கும்போது தனித்தனி வரிசையில் கொடுக்கலாமே. விழா முடிந்ததும் அன்று யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் அட்டையைப் பார்த்து அனுப்பினால் பாதிப் பயம் தீர்ந்தது.

நம் சனங்களுக்கும் ஒரு வார்த்தை. மண்டபத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்து, "அதோ அவ புருஷன் அந்தப் பக்கம் உக்காந்திருக்கான்" என்று கிசுகிசுப்பதை நிறுத்துங்கள். பவுடர் போட்டு மேடைக்குக் காத்திருக்கும் பிள்ளையிடம் போய், "அப்பா வரலியா கண்ணு?" என்று எந்த மாமியும் கேட்கக் கூடாது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கும் இது பொருந்தும்.

பிரிவுப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு உருப்படியாக ஒன்று. பரஸ்பர விவாகரத்துக்கு மனு போடும்போது ஜீவனாம்சம், நகை, கார் எல்லாம் பைசா சுத்தமாக எழுதுகிறீர்கள். கூடவே நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள்:

1. பள்ளி நிகழ்ச்சி, ஒத்திகை, வகுப்புச் சுற்றுலா எதுவானாலும், அன்று யாருடைய முறையோ அவரே பிள்ளையைக் கொண்டுபோய் விட வேண்டும்.

2. அதனால் குறையும் நேரத்தை அடுத்த வாரத்துக்குள் ஈடுகட்ட வேண்டும்.

3. சர்க்குலர் கையில் கிடைத்த அன்றே மற்றவருக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மறுப்பு இருந்தால் மூன்று நாளைக்குள் காரணத்தோடு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள்.

4. செலவு பாதிப் பாதி, அல்லது வருமான விகிதப்படி.

வழக்கு முடிந்து உத்தரவு வந்துவிட்டவர்களும் இதைத் தங்களுக்குள் பேசி எழுதிக்கொள்ளலாம். வக்கீலுக்குச் சொல்லி உத்தரவில் மாற்றம் கேட்கவும் வழி உண்டு.

வழக்கு நடக்கட்டும், மேல்முறையீடு போகட்டும், அதற்கு வருஷங்கள் ஆகட்டும். மூன்றாவது வகுப்பு ஒரு வருஷம்தான். அந்தச் சிங்க ராஜா வேஷத்துக்கு மறு வாய்தா கிடையாது. இந்த வாரம் டைரியில் சர்க்குலர் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். நலம் விசாரிக்க வேண்டாம், பழசைக் கிளற வேண்டாம். "சனிக்கிழமை நாலு மணி, பள்ளி மண்டபம்." இவ்வளவு போதும்.