கூலண்டைத் திட்டாதீர்கள், வடிகாலைப் பாருங்கள்



வீட்டு ஷெட்டில் மில்லிங் மெஷின் போட்டிருக்கும் நம் பிள்ளைகள் பலர் ஒரே புகார் சொல்கிறார்கள்: "சார், கூலண்ட் நாறுது, மட்டமான சரக்கு." பெரும்பாலும் சரக்கின் மேல் குற்றமில்லை. குற்றம் நம் சோம்பலில்.

டேபிளின் டி-ஸ்லாட்டில் பிசிறு அடைத்தால் கூலண்ட் தேங்கித் தரையில் வழியும். ஸ்லைடுக்கு விட்ட ஆயில் டேங்கில் ஆடைபோல மிதந்து காற்றை மறைக்கும். காற்றில்லாத நீரில் பெருகும் பாக்டீரியாதான் அந்த அழுகின முட்டை நாற்றம். அதில் பினாயில் ஊற்றுவது பல் விளக்காமல் ஏலக்காய் மெல்லுகிற கதை.

பெரிய செலவா? வடிகால் துளைக்கு ஒரு கம்பி வலை. எங்கும் தொங்காமல் சரிவாக இறங்கும் அகலமான ஓஸ். டேங்க் நடுவில் ஒரு தடுப்புத் தகடு. பிசிறு முதல் அறையில் படியட்டும், பம்ப் அடுத்த அறையில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை மிதக்கும் எண்ணெயை வழித்தெடுங்கள்.

பழையதைச் சாக்கடையில் கொட்டுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். "தண்ணிதானே சார்" என்கிறீர்கள். இருபதில் ஒரு பங்கு ஆயில் விட்டுக் கலக்கியது யார்? பாலாகக் கலந்தது லேசில் பிரியாது. மண்ணில் இறங்கினால் பக்கத்து வீட்டுக் கிணறுவரை போகும். கேனில் சேர்த்து, கழிவெண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

இந்த ஞாயிறு டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். என்ன மிதக்கிறதென்று கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம்!