காசு எல்லோருடையது, விழா யாருடையது?

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணத்தோடு மாணவர் செயல்பாட்டுக் கட்டணம் என்றும் ஒன்று வாங்குவார்கள். அதைக் கலைவிழா, சங்கங்கள் என்று பங்கு பிரிப்பது மாணவர் பேரவை. பல இடங்களில் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குத் தனிப் பேரவையே உண்டு.

"எனக்கு ஒவ்வாத சங்கத்துக்கு என் காசு எதற்கு?" என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 1996இல் வழக்குப் போட்டார்கள். அப்போது கட்டணம் வருடத்துக்கு 331.50 டாலர். 2000இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: கட்டாயமாக வாங்கலாம், ஆனால் கருத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது. பெரும்பான்மை ஓட்டு அதை முடிவு செய்தால் அந்தப் பாதுகாப்பே போய்விடும் என்றும் சொன்னது.

தீர்ப்பு கருத்துகளைப் பற்றியதுதான். ஆனால் கலைவிழாக்களுக்கும் அது பொருந்தும் என்பேன். ஓட்டுக்கு விட்டால் ஆயிரம் பேர் ஆடும் கச்சேரிக்கே எல்லாம் போகும். பதினைந்து பேர் உள்ள வெளிநாட்டு மாணவர் சங்கத்தின் புத்தாண்டு விழாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. இத்தனைக்கும் அந்தப் பதினைந்து பேரும் அதே கட்டணம்தான் கட்டுகிறார்கள்!

டிக்கெட் விற்றே நடத்தக்கூடிய விழாவுக்குப் பொதுப்பணம் எதற்கு? வணிகவியல் படிக்கும் எனக்கு இந்தக் கணக்குதான் சரியாகப் படுகிறது. நீங்க என்ன சொல்றீங்க?