சூளை வாசலோடு நின்றுவிடும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்: வாங்கும் நிறுவனங்களுக்குப் பொறுப்பு வருமா?

புது தில்லி: 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லியில் மேம்பாலங்களும் அரங்கங்களும் அவசர கதியில் எழுப்பப்பட்டபோது, கட்டடத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமாதார் அதில் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டார். தொழிலாளியின் கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு.

அந்த ஒரு ரூபாய் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில், நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு அந்த ஆண்டு செப்டம்பரில் அளித்த தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை நிலைநாட்டியது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்பது ஒன்று. "அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆள்கள்" என்று கூறி, பணியை ஒப்படைத்த மத்திய அரசும் தில்லி வளர்ச்சி ஆணையமும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பது மற்றொன்று.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், இந்த இரண்டாவது கோட்பாட்டைப் பொருள்களை வாங்கி விற்கும் பெரு நிறுவனங்கள் வரை நீட்டிக்க எந்த மத்திய அரசும் முன்வரவில்லை.

முன்பணமே விலங்கு

நெருக்கடி நிலைக் காலத்தில் அவசரச் சட்டமாகப் பிறப்பிக்கப்பட்டு, 1976-ல் சட்டமானது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். கொத்தடிமைக் கடன்கள் அனைத்தையும் அது ரத்து செய்தது. கொடுத்தது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீதே சுமத்தியது. ஆனால், வேலை வாங்கியவருக்கு அது விதிக்கும் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம்.

ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களில் நுவாகாய் அறுவடைத் திருநாளையொட்டித் தரகர்கள் முன்பணம் கொடுக்கின்றனர். மழைக்காலம் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகத் தெலங்கானா, ஆந்திரம், தமிழகம் ஆகிய மாநிலங்களின் செங்கல் சூளைகளுக்குப் பயணம். அறுத்த கல்லின் எண்ணிக்கையில் கடன் கழியும். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். கணக்கு தீராமல் ஊர் திரும்ப முடியாது.

அந்தக் கல், வியாபாரி, ஒப்பந்ததாரர் எனக் கைமாறி நகரத்தில் அடுக்குமாடிக் கட்டடமாகிறது. கொத்தடிமைச் சட்டத்தின் பிடி சூளை உரிமையாளரோடும் தரகரோடும் முடிந்துவிடுகிறது. கட்டடம் கட்டிய நிறுவனத்தை அது கேள்வி கேட்பதில்லை.

இலக்கும் நிலவரமும்

2030-க்குள் 1.84 கோடி கொத்தடிமைத் தொழிலாளர்களை விடுவிப்பதாக மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2016-ல் அறிவித்தது. ஆனால், அரசின் கணக்குப்படியே 1978 முதல் 2023-ன் தொடக்கம் வரை விடுவிக்கப்பட்டோர் சுமார் 3.15 லட்சம் பேர்தான்.

மறுவாழ்வு உதவி 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை என்றாலும், முழுத் தொகையும் கிடைப்பது குற்றவாளி தண்டிக்கப்படுவதைப் பொருத்தே அமைகிறது. உடனடியாகக் கிடைப்பது அதிகபட்சம் 30,000 ரூபாய். வழக்கு இழுத்தடிக்கும்போது, விடுவிக்கப்பட்டவர் மீண்டும் தரகரின் வாசலுக்கே செல்லும் நிலை உருவாகிறது.

2 சதவீதக் கணக்கு

சந்தை மதிப்பில் முன்னணியில் உள்ள 1,000 நிறுவனங்கள் கட்டாய உழைப்பு குறித்த புகார்களையும் தங்கள் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்பது 2022-23 நிதியாண்டு முதல் செபியின் விதி. பொருள் வழங்குவோர் பற்றிய தகவல்களுக்கோ முதல் 250 நிறுவனங்களே வரம்பு. அதையும் 2025 மார்ச்சில் செபி அவர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

அதுமட்டுமன்றி, மொத்தக் கொள்முதலில் தனித்தனியே 2 சதவீதத்துக்குக் குறையாத பங்கு உள்ளவர்களே கணக்கில் வருவர். ஒரு சூளையோ, கல் குவாரியோ, சிறு நூற்பாலையோ பெரு நிறுவனத்தின் கொள்முதலில் 2 சதவீதத்தை எட்டுவது அரிது. சுரண்டல் மிகுந்த இடமே கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இதைச் சரிசெய்யவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஐந்து பேர் இருந்தாலே 1979-ம் ஆண்டுச் சட்டம் பொருந்தியது. புதிய தொகுப்பிலோ அந்த எண்ணிக்கை பத்து.

வெளிநாட்டு நெருக்குதல் போதுமா?

கட்டாய உழைப்பில் உருவான பொருள்களை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் தடை செய்யும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. இத்தகைய தடையின் வலிமையைத் திண்டுக்கல் மாவட்டம் ஏற்கெனவே கண்டுள்ளது. 2022 ஜூலையில் அங்குள்ள ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் சரக்குகளை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்தது. தொழிற்சங்கத்துடன் ஆலை நிர்வாகமும் வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்களும் அந்த ஆண்டே ஒப்பந்தங்கள் செய்திருந்த நிலையில், செப்டம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. வாங்குபவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தினால் மாற்றம் சாத்தியம் என்பதற்கு இது உதாரணம்.

ஆனால், ஆடை கப்பலேறுகிறது, செங்கல் கப்பலேறுவதில்லை. சூளைத் தொழிலாளிக்கு எந்த ஐரோப்பியச் சட்டமும் துணைக்கு வராது. அவருக்காகச் சட்டம் இயற்ற வேண்டிய இடம் தில்லியில் உள்ள நாடாளுமன்றமே. ஒப்பந்ததாரரைக் காட்டித் தப்ப முடியாது என்று அரசுக்கு 1982-ல் சொல்லப்பட்டது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்துமா என்பதை அங்கு முடிவு செய்தாக வேண்டும்.