ஏமாந்தவனா குற்றவாளி?

ஷிப்டுக்குப் போகத் தொழிலாளி கடன் வாங்கிப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். சேஸிஸ் நம்பரை ராவிவிட்டு வேறு நம்பர் குத்திய திருட்டு வண்டி! இன்று வண்டி போலீஸ் நிலையத்தில், வாங்கியவன் விசாரணையில், விற்ற தரகனோ வீதியில் உல்லாசமாக! இதுவா நியாயம்?

திருட்டென்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ, நேர்மையின்றி வைத்திருப்பவனே குற்றவாளி என்கிறது 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, 317ஆவது பிரிவு. வண்டி சொந்தக்காரனுக்குப் போகும். ஆனால் உரிமையின்றி விற்றவனிடம் பணத்தைத் திரும்பக் கேட்க 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இடம் தருகிறது.

தோழர்களே! விஷயம் தெரிந்ததும் வண்டியை இன்னொரு ஏழையின் தலையில் கட்டாதீர்கள். அப்போது நீங்களே மோசடிக்காரர். ரசீதுடன் எழுத்தில் புகார் கொடுங்கள். நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் செல்லுங்கள். தனியே அல்ல, சக தொழிலாளிகளோடு செல்லுங்கள். நடுங்க வேண்டியவன் தரகன், நாமல்ல!