குடத்திலிட்ட விளக்கு குன்றேறட்டும்!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். காலை வேளையில் அங்கே பேருந்துக்காகக் காத்து நிற்கும் இளைஞர்களைப் பாருங்கள். மணிலாவும் நெல்லும் பயிரிடும் குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டிலே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவனை அழைத்து, "தம்பி, நீ கற்கும் பொருளாதாரத்திலே உன் ஊர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டால், அவன் என்ன விடை சொல்வான்?

வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வியல்ல இது. நூறாண்டுகளுக்கு முன்பே சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் கேட்ட கேள்விதான். 1915-இல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தொழிலாளருக்கென நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பாட்டாளிக்குப் பாடம் சொன்ன அந்த ஆசிரியர், சென்னை மாணவர்களின் கையிலே வினாப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டறிந்து வரச் செய்தார். அந்த மாணவர்கள் 1916-இல் திரட்டிய செய்திகள் 1918-இல் நூலாயின. அதிலே இடம்பெற்ற தமிழ்க் கிராமங்கள் இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி.

தூசி எங்கே இருக்கிறது? காஞ்சிபுரத்துக்கு அருகே, அன்று வட ஆர்க்காடு, இன்று நம் திருவண்ணாமலை மாவட்டம்! 1936-37-இல் பல்கலைக்கழகம் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மறுபடியும் தூசிக்கு வந்தனர். அந்த நிறுவனத்தை 1971-இல் நிறுவியவர் வேலூரில் பிறந்து, உலக அவையின் கல்வி, பண்பாட்டு அமைப்பாம் யுனெஸ்கோவில் துணை இயக்குநர் நாயகமாகப் பணியாற்றித் திரும்பிய மால்கம் ஆதிசேஷையா.

வட ஆர்க்காட்டை நாடி வந்தவர்கள் இவர்கள் மட்டுமல்லர். 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இம்மாவட்டத்துச் சிற்றூர்களிலே தங்கி, பசுமைப் புரட்சி என்ற பெருமுழக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று துருவிப் பார்த்தனர். இலங்கையின் அம்பாந்தோட்டையையும் உடன் வைத்து ஒப்பிட்டனர். பம்புசெட்டு பெருகியது, நீர்மட்டம் இறங்கியது, கிணற்றை ஆழப்படுத்தப் பணமுள்ளவன் பிழைத்தான், இல்லாதவன் தவித்தான் என்ற உண்மை அன்றே ஏட்டில் ஏறிவிட்டது.

ஏட்டில் ஏறியது, தோழர்களே. எவர் காதில் ஏறியது?

ஆங்கிலத்தில் எழுதினர், ஆங்கிலத்தில் விவாதித்தனர். கணக்கைக் கொடுத்தவன் கோவணம் கட்டிய உழவன்; கணக்கைப் படித்தவர் கருத்தரங்கில் அமர்ந்த கனவான். எவனுடைய கிணறு வற்றியதோ அவன், தன் கிணற்றைப் பற்றி எழுதப்பட்டதை அறியாமலே இன்னும் பத்து முழம் வெட்டக் கடன் வாங்கினான். ஆய்வாளர்களைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் விளக்கை ஏற்றினார்கள். அது குடத்திலிட்ட விளக்காகவே நின்றுவிட்டது. குன்றின்மேல் ஏற்றிய விளக்கு எத்தனை ஊருக்குத் தெரியும் என்பதைத் திருவண்ணாமலைப் பக்கத்து மக்களுக்கு நான் விளக்கவும் வேண்டுமோ?

ஆராய்ச்சி ஆட்சியின் வாசலை எட்டுவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இருவேல்பட்டை 2008 வரை தொடர்ந்து, பண்ணையாள் முறை மறைந்து உழைப்பாளி ஊர் தாண்டி வேலை தேடிச் சென்ற கதையை எழுதிய மூவருள் ஒருவர் ஜெ. ஜெயரஞ்சன். அவர் 2021-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் துணைத் தலைவரானார். சிற்றூரிலிருந்து கோட்டைக்குப் பாதை இருக்கிறது. கோட்டைக்குப் போன உண்மை ஊருக்குத் திரும்பி வரத்தான் பாதை இல்லை.

அந்தப் பாதையை யார் போடுவது? மாணவன்தான் போட முடியும். கல்லூரியின் மொழியும் அவனுக்குத் தெரியும். களத்து மேட்டின் மொழியும் தெரியும்.

"மாணவனுக்கு எதற்கு ஊர் வேலை? படிக்கட்டும்!" என்பார்கள். 1989 முதல் 18 வயதிலே வாக்குரிமை பெற்றவன் அவன். நாட்டை ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உண்டு, தன் ஊர்க் கிணறுகளை எண்ணத் தகுதி இல்லையா? மாணவர் பேரவைத் தேர்தல்களுக்கு லிங்டோ குழு வகுத்த நெறிகளை உச்சநீதிமன்றம் 2006-இல் ஏற்றது; ஆயினும் எத்தனை கல்லூரிகளில் அந்தத் தேர்தல் நடக்கிறது? மேடை தராமல் பேச்சாளனையும், பொறுப்பு தராமல் தலைவனையும் எங்கிருந்து பெறப் போகிறோம்?

நான் வேண்டுவது எளியது. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து மாணவர்கள், விடுமுறையிலே ஆளுக்கொரு சிற்றூரை எடுத்துக்கொள்ளட்டும். கிணறு எத்தனை, வற்றியவை எத்தனை, கடன் யாரிடம், வேலை தேடி வெளியூர் போனோர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும். கல்லூரி ஆசிரியர்கள் வழிகாட்டட்டும். வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அதைப் பாடத்தின் பகுதியாக ஏற்கட்டும். எடுத்த கணக்கைத் தமிழிலே எழுதி, கிராமசபையில் உரக்கப் படிக்கட்டும். 2022 முதல் ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் சபை அது. "என் கிணற்றைத் தப்பாக எழுதிவிட்டாய் தம்பி" என்று ஒரு மூதாட்டி எழுந்து சொல்லட்டும்; திருத்தி எழுதட்டும். ஆய்வு மெருகேறுவதும் அங்கேதான், மாணவன் தலைவனாவதும் அங்கேதான்.

நமக்கும் இதிலே பங்குண்டு. நம் படிப்பகங்களில் நாளேடு இருக்கிறது, தலைவர்களின் நூல்கள் இருக்கின்றன. நம் ஊரின் கணக்கு இருக்கிறதா? அதற்கும் ஓர் அலமாரி ஒதுக்குவோம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நமக்குச் சாதகமான கணக்கை மட்டும் படிப்பது ஆராய்ச்சியும் ஆகாது, அரசியலும் ஆகாது. நம் கட்சிக்காரர் பொறுப்பிலுள்ள ஊராட்சியிலே குழாய் வறண்டிருந்தால், வறண்டது என்றே மாணவன் எழுதட்டும். அதை முதலில் படித்துத் தலைகுனிபவர்களாகவும், முதலில் எழுந்து குழாயைச் சீர்செய்பவர்களாகவும் நாம் இருப்போம்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் தொடங்கி வைத்த வேலை பாதியிலே நிற்கிறது. மீதியை முடிக்க வேண்டியவர்கள் நாளைக் காலையும் கீழ்பென்னாத்தூரில் பேருந்துக்காக நிற்பார்கள். அவர்களிடம் பேசுங்கள், தோழர்களே!