எண் பதிவேட்டுக்கு, திட்டு அவருக்கு

கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பதில் தமிழ்நாடு கெட்டி. கரு உறுதியானதும் பிக்மி பதிவு, 12 இலக்க எண். அந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவு வேண்டும். சரி, இருக்கட்டும். ஆனால் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரிடம் 'உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். "கம்மியா இருக்குன்னு திட்டுனாங்க" என்பார். எண் பதிவேட்டுக்குப் போனது, திட்டு அவருக்கு வந்தது.

அந்தத் திட்டும் எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. ஊர்ப் பெண்ணுக்கு விளக்கம், சேரிப் பெண்ணுக்கு விரட்டல்.

தேசியக் குடும்பநல ஆய்வு-5 தரும் கணக்கில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அத்தனை பேரும் பொறுப்பில்லாதவர்களா? 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அதைப் போட்டால் மலம் கருப்பாகும், வயிறு புரட்டும். டீயோடு போட்டால் சத்து சரியாகச் சேராது. இதை உட்கார வைத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்? சொல்லாததால் பயந்துபோய் மாத்திரையை வேலியோரம் வீசுகிறார். பழி மட்டும் அவர் தலையில்.

சாப்பாட்டுக்கு வருவோம். 2017இல் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட கையேடு, கர்ப்பிணிகள் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும், ஆன்மிகச் சிந்தனையோடு இருக்க வேண்டும் என்றது. பாதிப் பேர் சோகையில் கிடக்கும் நாட்டில், அக்கிரகாரத்துச் சமையல்கட்டை அறிவியல் என்று அச்சடித்தார்கள்! மாதுளை, பேரீச்சை என்று அடுக்குகிறவர்களின் வாயில் மாட்டுக்கறியும் ரத்தப் பொரியலும் ஏன் வருவதில்லை? விலை குறைவு, இரும்புச்சத்து அதிகம், உடலும் எளிதில் ஏற்கும். நம் பெண்கள் அதைச் சாப்பிடுவதை நர்ஸிடம் சொல்லக் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தை உண்டாக்கியது சாதி.

அன்றாடப் பழக்கம் என்கிறார்கள். நிறைய தண்ணீர் குடியுங்கள், பகலில் ஓய்வெடுங்கள். செங்கல் சூளையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வருகிறவருக்கு இது என்ன அறிவுரை? 26 வாரச் சம்பள விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. களையெடுப்பவருக்கும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கும் அதை யார் தருகிறார்கள்?

தோழர்களே, இதற்குச் செயலி செய்யக் கிளம்பாதீர்கள். (நமக்குக் கை துறுதுறுக்கும், தெரியும்.) போன் பெரும்பாலும் புருஷன் சட்டைப்பையில் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பரிசோதனையிலும் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் கேட்டுப் பெரிய எழுத்தில் எழுதட்டும். எழுத வராவிட்டால் கூட இருந்து எழுதிக் கொடுங்கள். 11க்குக் கீழே போனால் சோகை, 140/90ஐத் தொட்டால் ஆபத்து என்று அட்டையிலேயே குறியுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, விடாத தலைவலியோடு கண் மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பக்கத்தில் இன்னொரு பத்தி: இன்று எத்தனை மணிநேரம் நின்றார், கழிப்பறை இருந்ததா, மாத்திரை கையிருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினார்களா, யார் என்ன பேசினார்கள், தேதியோடு.

மருத்துவ அலுவலரிடமும் சூளை முதலாளியிடமும் கிராமசபையிலும் அதை விரித்துக் கேள்வி கேட்கலாம், அவர் விரும்பினால். விரும்பாவிட்டால் அது அவர் நோட்டு. நாமும் அதைப் படம் எடுத்துப் பகிரக் கூடாது.